மேட்டுக்காட்டு நீலத் தொட்டி

ரத்தினசாமி மூச்சு முட்டித் தண்ணீருக்கு மேலே வந்தான். மூக்கில் ஏறியதைச் சீறித் தள்ளிவிட்டுத் தொட்டியின் கரையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கண் இரண்டும் மிளகாய்ப்பொடி தூவியது மாதிரி எரிந்தன. காலையிலிருந்து இது எத்தனையாவது முழுக்கு என்று அவனுக்கே தெரியாது.

"ஓட்டெ ஆப்புட்டுதுங்களா?" என்றாள் கரையில் நின்றிருந்த மருதாத்தாள்.

"ஆப்புட்டிருந்தா எம்மொகரையப் பாத்தாத் தெரியாதா? வந்துட்டா கேக்கறதுக்கு!"

பெண்டாட்டி மேல் எரிந்து விழுந்து என்ன பிரயோசனம்? அவளா ஓட்டை போட்டாள்? அவள் துண்டை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவன் கரையோரம் தண்ணீரில் நிறுத்தியிருந்த அளவுகோலைப் பார்த்தான். நேற்றுச் சாயங்காலம் கரியால் கோடு போட்ட இடத்திலிருந்து தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. ஒரு முழம்! ஆடு மாடு குடிக்கவில்லை, வாழைக்கு ஒரு சொட்டு விடவில்லை, ஒரு முழம் தண்ணீர் எங்கேயோ போய்விட்டது.

இந்தத் தொட்டி வந்த கதையைச் சொன்னால் இப்போதும் கோபாலபுரம் சந்தையில் சிரிப்பார்கள். ரத்தினசாமி மூணாறு தாண்டி மாட்டுப்பட்டிப் பக்கம் கிடாரி பார்க்கத்தான் போனான். போன இடத்தில், ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேஜை, நாற்காலி, நாய்க்கூண்டு என்று எல்லாவற்றையும் புல்வெளியில் போட்டு விற்றார்கள். அதில் கிடந்தது ஒரு பெரிய நீலப் படுதா. நீச்சல் குளத்துக்குள் விரித்திருந்ததாம். வினைல் என்று பேர் சொன்னார்கள். மண்குழியில் இதை விரித்துத் தண்ணீர் விட்டால் ஒரு சொட்டு மண்ணுக்குள் இறங்காதாம். அதைக் கேட்டவுடன் ரத்தினசாமிக்குக் கிடாரி மறந்து போயிற்று. மாடு வாங்கப் போனவன் லாரியில் படுதாவோடு வந்து இறங்கினான்.

அவன் ஆசைப்பட்டதில் தப்பில்லை. அண்ணன் குப்பண்ணனோடு பாகம் பிரித்தபோது பள்ளத்துத் தோட்டமும் நல்ல கிணறும் அண்ணனுக்கு. மேட்டுக்காடும் ஊற்றுச் செத்த கிணறும் இவனுக்கு. கரண்ட்டு வந்து மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் கிணறு அடிமண்ணைக் காட்டிவிடும். அந்தத் தண்ணீரை நேராக வாய்க்காலில் விட்டால் காய்ந்த மண்ணே குடித்துவிடும், கடைசி வாழை வரைக்கும் போய்ச் சேராது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று ஒரு தொட்டியில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் ஒரே பாய்ச்சலாகத் திறந்துவிட்டால் காடு முழுக்க நனையும். அந்த நம்பிக்கையில்தான் மேட்டுக்காட்டில் எவனும் வைக்காத நேந்திரன் வாழையை வைத்தான்.

"மேட்டுல வாழெ வெக்கறானாம் வாழெ! காஞ்சு கருவாடாப் போனதுக்கப்பறம் எங்கிட்டத்தான் வருவான். அன்னைக்குக் காட்டையும் எங்கிட்டயே உட்டுப் போடச் சொல்றேன். நானே ஒண்ணா உழுதுக்கறேன். அவனுக்கு வருசத்துக்கு நெல்லு அளந்து போட்டாப் போச்சு" என்று குப்பண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னது அன்றைக்கே இவன் காதுக்கு வந்துவிட்டது.

நெல்லு அளந்து போடுவாராம். பண்ணையத்து ஆளுக்குப் போடுகிற மாதிரி. அண்ணன் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அண்ணி படி அளக்கிறபோது பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்தாலே ரத்தினசாமிக்குச் சோறு இறங்காது. வாழை பிழைத்தால் காடு அவனுடையது. வாழை காய்ந்தால் காடும் போச்சு, தலை நிமிர்ந்து நடக்கிறதும் போச்சு.

தை மாசம் தொட்டி நிறைந்தபோது ஊரே வந்து பார்த்தது. வானத்தை அறுத்துக் காட்டில் போட்டது மாதிரி நீலம். குப்பண்ணன்கூட வந்து வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டுப் போனார். வாழைக்கு ரெண்டு தண்ணீர் நன்றாகப் பாய்ந்தது. மூன்றாவது தண்ணீருக்குத் தொட்டி நிறையவே இல்லை.

முதலில் சைக்கிள் கடைக்காரனைக் கூட்டி வந்து பஞ்சர் ஒட்டினான். ஒட்டின ரப்பர் மறுநாள் தண்ணீரில் தவளைக் குஞ்சு மாதிரி மிதந்தது. பிறகு எஸ்டேட்டிலிருந்து படுதாவோடு வந்த பசை டப்பாவை எடுத்து, ஓரத்தில் அதே படுதாவில் துண்டு வெட்டி ஒட்டினான். அது பிடித்துக்கொண்டது. ஆஹா என்று தொட்டியை நிறைத்தான். ரெண்டு நாள் அசையாமல் நின்றது. அடுத்த நாள் கோடு இறங்கிவிட்டது.

தண்ணீரை இறைத்துவிட்டு, படுதா மேல் தவழ்ந்து தவழ்ந்து தேடினான். விரல் நுனி அளவில் ஓர் ஓட்டை. ஒட்டினான். நிறைத்தான். நின்றது. மறுபடி இறங்கியது. மறுபடி இறைத்தான். இந்த முறை ஓட்டை வேறு பக்கச் சரிவில். ஒட்டின இடம் ஒட்டினபடியே இருக்கிறது, புதிதாக ஓர் இடத்தில் ஒழுகுகிறது. இது என்னடா கெரகம் என்று தலையில் அடித்துக்கொண்டான். கோட்டைப் பார்ப்பதும் முழுகுவதும் இறைப்பதும் ஒட்டுவதுமே பொழப்பாகப் போய்விட்டது. களை எடுக்கவில்லை, முட்டுக் கொடுக்கவில்லை. வாழை குலை தள்ளி நின்றது, ஆனால் காய் திரளவில்லை. அடியிலை ஒவ்வொன்றாகத் தொங்கிக்கொண்டு வந்தது.

குப்பண்ணனுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. சாயங்காலமானால் வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு பாகவரப்பு தாண்டி வந்து கரையில் உட்கார்ந்துகொள்வார்.

"ஏண்டா ரத்தினா, நீ ஓட்டையக் கண்டுபுடிச்சயா? இல்ல ஓட்டெ உன்னையக் கண்டுபுடிச்சுதா?"

"உக்காருங்ணா, உக்காருங்க. வெத்தல எச்சிய மட்டும் தொட்டியில துப்பிப் போடாதீங்க."

"துப்புனா என்னடா? உம்பட தொட்டியிலதான் எதுவும் நிக்கறதில்லையே!"

அவர் சிரித்துக்கொண்டே போவார். ரத்தினசாமிக்கு வயிறு பற்றி எரியும். அந்த எரிச்சலை எல்லாம் மூட்டை கட்டி எஸ்டேட்டுக்குத்தான் அனுப்பினான். மூணாறு போகிற லாரிக்காரனிடம், "ஓட்டப் படுதாவ எந்தலையில கட்டிப் போட்டீங்க, நீங்கெல்லாம் மனுசங்கதானான்னு கேட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டான்.

அந்த வார்த்தைக்கு ஓர் ஆள் கிளம்பி வந்தார். பாஸ்கல் என்று பேர். துரை பங்களாவில் அந்த நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டவர். கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு தகர டப்பா. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். படுதாவ மட்டும் ஓட்டைன்னு சொல்லாதிய. தொரை கொளத்துல ஒரு சொட்டு ஒழுகினதில்ல. மாதா சத்தியமா சொல்லுதேன்."

"அப்பறம் எந்தண்ணி எங்கீங்க போகுது? ஆவியாப் போகுதா?"

"அதையுந்தான் பாத்துருவோமே" என்று ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக் கரையில் வைத்தார் பாஸ்கல். வெயிலுக்கும் காற்றுக்கும் போவதென்றால் வாளியிலும் தொட்டியிலும் ஒரே அளவு குறைய வேண்டும் என்றார். மறுநாள் வாளியில் விரல்கடைகூடக் குறையவில்லை. தொட்டி இறங்கியிருந்தது. "ஒழுகத்தான் செய்யுது" என்று அவரே ஒப்புக்கொண்டார். ரத்தினசாமிக்கு அதில் என்ன சந்தோஷம்? அது ஊருக்கே தெரிந்த சங்கதி.

பிறகு பாஸ்கல் டப்பாவைத் திறந்து சாயத்தை எடுத்தார். காற்று அடங்கின நேரம் பார்த்து, தண்ணீர் அலுங்காமல் இறங்கி, ஒரு சின்னக் குழாய் வழியாகச் சாயத்தைச் சரிவு ஓரம் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனார். ஓட்டை இருக்கிற இடத்தில் சாயம் கலையாமல் நூல் பிடித்த மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு போகுமாம். தெற்குச் சரிவில் அப்படியே இழுத்தது. ரத்தினசாமி குழந்தை மாதிரிக் கை தட்டினான்.

ஓட்டையைத் தடவிப் பார்த்த பாஸ்கல் நெற்றியைச் சுருக்கினார். "அண்ணாச்சி, படுதாவுக்கு அடியில என்ன போட்டிருக்கிய? சலிச்ச மணலுதான? கல்லு, வேரு ஏதும் குத்துதா?"

படுதாவை விற்கும்போதே மணல் பரப்பச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆற்று மணலுக்கு அவன் எங்கே போவான்? எல்லை தாண்டிச் சித்தூர் வரைக்கும் வண்டி கட்டணும். பக்கத்துக் கடலை மில்லில் கடலைக்காய்த் தோல் மலையாகக் கிடந்தது, அள்ளிக்கொண்டு போ என்றார்கள். மெத்தை மாதிரி இருக்குமே, மணலைவிட இது மேல் என்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குழியிலும் சரிவிலும் கொட்டி, அதற்கு மேலேதான் விரித்தான். அன்றைக்கு அவனுக்கு அவன் மூளை மேலேயே அப்படியொரு பெருமை.

"மணலுதானுங்க" என்றான்.

மருதாத்தாள் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை உருட்டினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மணலுன்னா சாரமில்ல, பயமில்ல" என்று பாஸ்கல் மலையாளத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே ஒட்டுப் போட்டார். "அப்ப இது இழுத்து விரிச்சதுல கிழிஞ்சதாத்தான் இருக்கும். இனிமே தொட்டியக் காயப் போடாதிய, எப்பவும் வெள்ளம் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் தங்கிக் கோடு இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, மருதாத்தாள் கொடுத்த கடலையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்த வாரம் ரத்தினசாமிக்குத் தூக்கம் நன்றாக வந்தது. தொட்டி நிறைந்ததும் மதகைத் திறந்து வாழைக்கு விட்டான். கடைசி வரிசை வரைக்கும் தண்ணீர் போனதைப் பின்னாலேயே நடந்து பார்த்தான். தொங்கின இலைகூட நிமிர்ந்த மாதிரி இருந்தது. காலியான தொட்டியைக் கிணற்றுத் தண்ணீர் சேரச் சேர மறுபடி நிறைத்தான். நிறைந்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கோடு ஒரு முழம் கீழே.

இதுதான் அவன் காலையிலிருந்து முழுகின கதை. பாஸ்கல் விட்டுப்போன சாயமும் தீர்ந்தது. காற்று வேறு தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தது. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் கரையேறி, துண்டைக்கூட எடுக்காமல் கடப்பாரையை எடுத்தான்.

"ஏனுங்க, ஏனுங்க! என்ன பண்றீங்கொ?" என்று மருதாத்தாள் ஓடி வந்தாள்.

"இன்னைக்கு இது இருக்கணும், இல்ல நானு இருக்கணும்!"

கரை மேல் மண்ணுக்குள் புதைத்திருந்த படுதா ஓரத்தை நெம்பி இழுத்தான். அது வர மறுத்தது. காலை ஊன்றி, பல்லைக் கடித்து, கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லி இழுத்தான். ஓர் ஆள் அகலத்துக்குப் படுதா மடிந்து வந்தது. அடியில் இருந்து நாற்றமும், நாலைந்து எலியும் வெளியே பாய்ந்தன. ஒன்று மருதாத்தாள் பாதத்தின் மேலேயே ஏறி ஓடியது. அவள் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

சரிவு முழுக்க வளை. மில்காரன் உரித்துப் போட்ட தோலில் உரிபடாத கடலையும் உடைந்த பருப்பும் எவ்வளவோ கிடந்திருக்கிறது. எலிக்கு வேறென்ன வேணும்? மேலே குளிர்ச்சி, உள்ளே சோறு. தொட்டியில் தண்ணீர் குறைகிற போதெல்லாம் படுதாவைக் கடித்து ஓட்டை போட்டிருக்கின்றன. தொட்டி நிறைந்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து வளை நனைந்ததும், காய்ந்த இடம் பார்த்து வேறு பக்கம் வீடு மாற்றியிருக்கின்றன. அங்கே ஒரு கடி. அவன் ஓட்டை தேடத் தேடத் தொட்டியைக் காலி பண்ணினான், அவன் காலி பண்ணப் பண்ண அவை கடித்தன. படுதாவைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். சல்லடை.

"மணலுன்னு சொன்னீங்களே அந்த மனுசங்கிட்ட!" மருதாத்தாளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "அத்தன தூரம் பஸ்ஸேறி வந்த மனுசன். கடலக்காத் தோலுன்னு ஒரு வார்த்தெ சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிப் பாத்திருப்பாருல்ல? வாய் வரைக்கும் வந்துது, நீங்க கண்ண உருட்டுனீங்க. உருட்டுங்க, இப்ப எலிகிட்ட உருட்டுங்க!"

ரத்தினசாமி நனைந்த தோலின் மேல் அப்படியே உட்கார்ந்து, எதிரே நின்ற வாழையைப் பார்த்தான். இன்னும் ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் குலையோடு சாய்ந்துவிடும்.

"அண்ணங்கிட்டப் போயிட்டு வந்தர்றேன்" என்றான் கடைசியில்.

மருதாத்தாளின் கோபம் இறங்கிப் போய்விட்டது. "வேண்டாமுங்க" என்றாள். அவன் எழுந்து, கரையில் கிடந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

பாகவரப்பு தாண்டி இறங்கினால் அண்ணன் கிணறு. அவன் போகும்போதே தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கை இரண்டும் தானாக மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டன. குப்பண்ணன் கிணற்று மேட்டில், வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றின ஏழு கல் நட்டு, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துப் போட்டிருந்தது. பொங்கல் வைத்த அடுப்புக்கூடக் கிடந்தது.

"வாடா. வருவேன்னு தெரியும்" என்றார் குப்பண்ணன். "தண்ணிதானே? உடறேன். நானென்ன அந்நியனா? ஆனா காட்ட…"

"இதென்னுங்ணா, கன்னிமாரு?" என்று ரத்தினசாமி பேச்சை மாற்றினான். அந்த வார்த்தையைக் கேட்க அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

"உனக்குத் தெரியாதா? தண்ணிக்குள்ளயே முழுகிக் கெடந்தா எப்படித் தெரியும்? ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடா! எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தான். பங்குனியில் பாறை தெரிய வேண்டிய கிணற்றில் ஆள் உயரம் தண்ணீர். கிழக்குச் சுவரில், பாறை இடுக்கில், புதிதாக ஓர் ஊற்று ஊற்றிக்கொண்டிருந்தது. கிழக்கே பாகவரப்பு. வரப்புக்கு மேலே மேட்டுக்காடு.

"மாசியில இருந்துடா" என்றார் குப்பண்ணன், பயபக்தியோடு. "ஆத்தாளுக்கு வெளையாட்டு வேற. ரெண்டு மூணு நாளைக்குப் பீச்சியடிப்பா. அப்பறம் சொட்டுவா. மறுக்கா பீச்சியடிப்பா. அந்த எஸ்டேட்டுக்காரன் உங்கூட்டுல இருந்தானே, அந்த வாரம் சுத்தமா நின்னே போச்சு. எனக்கு உசுரே இல்ல. பூசாரியக் கூப்புட்டு, ஊரக் கூட்டி, பொங்கல் வெச்சம். மறுக்கா வந்துட்டா!"

ரத்தினசாமி கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். தொட்டியை நிறைத்தால் பீச்சியடிப்பாள். இறைத்துவிட்டால் சொட்டுவாள். ஓட்டை ஒட்டினால் நின்று போவாள். இவன் அங்கே கண் சிவக்க முழுகிக்கொண்டிருக்க, இவர் கரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்று சிரித்துவிட்டு, இங்கே வந்து இவன் தண்ணீரையே தன் தோட்டத்துத் தென்னைக்குப் பாய்ச்சியிருக்கிறார். கட்டின கை அவிழ்ந்தது. இடுப்புத் துண்டை உருவி, உதறி, தோளில் போட்டான்.

"அண்ணா, நானு தண்ணி கேக்க வர்லீங்க. எந்தண்ணியத் திருப்பிக் கேக்க வந்தனுங்க."

"என்னடா ஒளர்றே?"

"ஆத்தா இல்லீங்ணா அது. எலி. எந்தொட்டிப் படுதாவ எலி கடிச்சு, ஓட்டையா ஓடற தண்ணி. இப்பத்தான் தூக்கிப் பாத்துட்டு வாறேன். நம்பலீன்னா நாளைக்குத் தொட்டிய எறச்சுக் காயப் போடறேன். நாலு நாள்ல உங்க ஆத்தா வாறாளான்னு பாருங்க."

குப்பண்ணன் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. ஊற்றைப் பார்த்தார், மேட்டுக்காட்டைப் பார்த்தார், மஞ்சள் துணி கட்டின ஏழு கல்லைப் பார்த்தார்.

"எலியா?"

"எலிதானுங்க."

"ஊரே வந்து உழுந்து கும்புட்டுட்டுப் போச்சேடா" என்றார். "பஞ்சாயத்துத் தலைவரு ஊட்டம்மா பட்டுத்துணி சாத்தறேன்னு வேண்டியிருக்குது."

"சாத்தட்டுங்க. எனக்கென்ன? நானு எங்கெணத்துத் தண்ணியத் தொட்டியில ஊத்தறேன். அது உங்க கெணத்துக்கு வருது. நீங்க மோட்டாரப் போட்டு எம்பட வாழைக்கு ஏத்தி உடுங்க. குலெ வெட்டற வரைக்கும் உட்டாப் போதும். எலியப் பத்தி எம்பட வாயில இருந்து ஒரு வார்த்தெ வராது."

குப்பண்ணன் மெதுவாக எழுந்து மோட்டார் ரூமுக்கு நடந்தார். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தக் காடு?" என்றார், விட மனசில்லாமல்.

"காடு எங்காடுங்ணா. மோட்டாரப் போடுங்க."